சர்டிபிகேட் மட்டும் கேட்டு வராதீர்கள்

ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி என் கைபேசி ஓயாது. திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சிறிய வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். தாம்பரம் பக்கம் சேலையூரில் வீடு. தெருவில், கோயிலில், கேம்ப் ரோடு காய்கறிக் கடையில் என்னைத் தெரிந்தவர்கள் அதிகம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் பி.காம், பி.பி.ஏ. படிக்கிறார்கள். போன வருஷம் ஒரு தகப்பனார் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்:

"அக்கா, பையனுக்கு இன்டர்ன்ஷிப்னு ஏதோ கேக்குறாங்களாம். முப்பது நாள் வந்தான்னு உங்க லெட்டர்ஹெட்ல ஒரு சர்டிபிகேட் போட்டுக் குடுத்துடுங்க. அவன் வந்து உங்களத் தொந்தரவு பண்ண மாட்டான்."

கெட்ட மனிதர் இல்லை. மகனுக்காகக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறவர். பிள்ளை தொழிற்சாலைக்கு வராமல் இருப்பதை எனக்குச் செய்யும் உதவியாக நினைத்துப் பேசினார். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

என்னைப் போன்ற பெற்றோர்களே, உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசப் போகிறேன். பேசும் தகுதி எனக்கு உண்டா என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இதே தவற்றை என் மகனுக்கு நானே செய்திருக்கிறேன்.

அவன் பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு முடித்த கோடை. வெயில் கொளுத்தியது. அம்மை போட்டு எழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. என் அலுவலகத்திலேயே உட்கார வைத்தால் நன்றாக இருக்காது என்று ஒரு காரணம், வெளியே அனுப்பினால் உடம்பு தாங்காது என்று இன்னொரு காரணம். தெரிந்த நிறுவனம் ஒன்றில் சொன்னேன். ஒரே நாளில் சர்டிபிகேட் வந்தது. 'கொள்முதல் பிரிவில் 30 நாள் சிறப்பாகப் பயிற்சி பெற்றார்' என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு. அறிக்கையை அவன் நண்பனுடையதைப் பார்த்து எழுதினான். மதிப்பெண்ணும் வந்துவிட்டது.

படிப்பு முடிந்து முதல் நேர்காணலுக்குப் போனான். அந்தச் சர்டிபிகேட்டைக் கையில் எடுத்துப் பார்த்த பெண்மணி, "பர்சேஸ்ல இருந்திருக்கீங்க. சப்ளையர் பில் வந்தா பணம் போடறதுக்கு முன்னாடி எதையெல்லாம் ஒத்துப் பாப்பீங்க?" என்று கேட்டாராம். பர்சேஸ் ஆர்டர், சரக்கு வந்ததற்கான ஜி.ஆர்.என்., சப்ளையர் பில், இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்து அளவும் விலையும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பது. ஸ்டோர்ஸில் நாலு நாள் நின்றவனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும் பதில். என் மகன் பேசாமல் இருந்திருக்கிறான். அவர் அடுத்த கேள்வி கேட்டார். அதற்கும் மௌனம்.

வீட்டுக்கு வந்தவன் என்னைக் குறை சொல்லவில்லை. சாப்பிடும்போது மெல்லச் சொன்னான்: "நான் அங்க போகவே இல்லன்னு சொல்லியிருக்கலாம்மா. வாய் வரல."

வேலை போனது பெரிதில்லை, பிறகு கிடைத்தது. பத்தொன்பது வயதில் ஒரு பொய்க் காகிதத்தை அவன் கையில் கொடுத்து, அதைப் பத்திரமாக ஃபைலில் வைத்துக்கொள் என்று சொன்னவள் நான். அதை என்னால் மறக்க முடியவில்லை. நீங்கள் சர்டிபிகேட் கேட்டு வரும்போதெல்லாம் எனக்கு அந்த இரவுதான் கண்முன் வருகிறது.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது, ஏன் வைத்திருக்கிறார்கள் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023-24-இல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்தில், இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் தொழிற்பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு 2 கிரெடிட். எண்ணைப் பார்த்து நாம் ஏமாந்து போகிறோம். 2 கிரெடிட்தானே, அதற்குப் போய் வெயிலில் அலைய வேண்டுமா என்று தோன்றுகிறது. மூன்று வருஷமும் புத்தகத்தில் படித்தது நிஜத்தில் எப்படி நடக்கிறது என்று உங்கள் பிள்ளை கண்ணால் பார்க்கக் கிடைக்கும் ஒரே மாதம் அது. பாடத்திட்டம் போட்டவர்கள் குறைவாக வைத்தார்கள் என்று வேண்டுமானால் குறை சொல்லுங்கள். இருக்கிற கொஞ்சத்தையும் நாம் காகிதமாக்கிவிடுகிறோமே!

நம் ஊரில் 'பிளேஸ்மென்ட்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். படிப்பு முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் காரில் வந்து, பிள்ளையைப் பொறுக்கி எடுத்து, ஆஃபர் லெட்டர் கொடுத்துவிட்டுப் போவது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரத்திலிருந்து மறைமலைநகர் வரை இருபுறமும் நிற்கும் விளம்பரப் பலகைகளைப் பாருங்கள், அந்தச் சொல் இல்லாத பலகை அரிது. சேர்க்கை நாளில் நாம் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: "பிளேஸ்மென்ட் எத்தனை பர்சன்ட் சார்?"

இங்கிலாந்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள். அங்கே வணிக நிர்வாகத்தில் ஹானர்ஸ் பட்டம் படிக்கும் பிள்ளைகளில் பலர் இரண்டாம் ஆண்டு முடிந்ததும் ஒரு முழு வருஷம் நிறுவனத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். திரும்பி வந்து கடைசி ஆண்டைப் படித்து முடிக்கிறார்கள். மூன்றாண்டுப் படிப்பு நான்காண்டாகிறது. பாத், ஆஸ்டன், லஃப்பரோ போன்ற பல்கலைக்கழகங்கள் இதற்குப் பெயர் போனவை. படிப்பின் நடுவே இருக்கும் அந்த வேலை வருஷத்தைத்தான் அவர்கள் பிளேஸ்மென்ட் என்கிறார்கள். ரொட்டிக்கு நடுவில் வைத்தது போல இருப்பதால் சாண்ட்விச் படிப்பு என்றும் பெயர்.

இதைத்தான் வெளிநாட்டுப் படிப்பு ஏஜெண்டுகள் தாம்பரத்திலும் வேளச்சேரியிலும் அலுவலகம் போட்டு நமக்கு விற்கிறார்கள். "நாலு வருஷம், பிளேஸ்மென்ட்டோட" என்று அவர்கள் சொன்னால், வேலை உறுதி என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். அப்படி இல்லை. அந்த ஒரு வருஷ வேலையை மாணவர்தான் தேட வேண்டும். விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்குப் போய், தேர்வாக வேண்டும். பல்கலைக்கழகம் வழிகாட்டும், வாங்கித் தராது. கிடைக்காதவர்களைப் பொதுவாக மூன்றாண்டுப் படிப்புக்கு மாற்றிவிடுவார்கள். இன்னொன்று: இங்கிலாந்துப் பிள்ளைகளிடம் அந்த வேலை வருஷத்துக்கு முழுக் கட்டணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்சவரம்பு உண்டு. வெளிநாட்டிலிருந்து போகும் நம் பிள்ளைக்கு அந்த வரம்பு பொருந்தாது, பல்கலைக்கழகம் வைத்ததுதான் கட்டணம். வீட்டை அடமானம் வைப்பதற்கு முன் அந்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஜெர்மனிக்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். 1974-இல் ஸ்டுட்கார்ட் பக்கம் பாஷ், டைம்லர்-பென்ஸ் போன்ற நிறுவனங்கள் சேர்ந்து ஒரு படிப்பைத் தொடங்கின. மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் நிறுவனம், இப்படி மாறி மாறி மூன்று வருஷம். முதலில் நிறுவனத்தோடு ஒப்பந்தம், அதன் பிறகுதான் கல்லூரியில் இடம். படிக்கும் காலம் முழுக்கச் சம்பளம். இன்று அது பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலத்தின் பெரிய உயர்கல்வி நிறுவனங்களில் ஒன்று. அங்கே வணிகப் படிப்புக்கே இதுதான் முறை. எந்தப் பெற்றோரும் நிறுவனத்துக்குப் போன் செய்து, பிள்ளை வராமலே சர்டிபிகேட் கொடுங்கள் என்று கேட்பதில்லை. பிள்ளை வராவிட்டால் அங்கே படிப்பே இல்லை.

வெளிநாட்டை விடுங்கள். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பல காலமாக சாண்ட்விச் பொறியியல் படிப்பு நடக்கிறது, ஐந்து வருஷம். 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் இருந்த வளாகத்திலேயே 1951-இல் கல்லூரியையும் கட்டினார்கள். வகுப்பும் பட்டறையும் ஒரே மதிலுக்குள். ஆவடி முருகப்பா பாலிடெக்னிக்கில் மூன்றரை வருஷ சாண்ட்விச் டிப்ளமோ. இன்று அம்பத்தூர்ப் பட்டறைகளில் மேலாளர் நாற்காலியில் இருக்கும் பலர் அப்படிப் பதினெட்டு வயதில் லேத்தின் முன்னால் நின்று எழுந்தவர்கள்.

நம் தெருவிலேயே இன்னொன்று இருக்கிறது. சி.ஏ. படிக்கும் பிள்ளையின் ஆர்ட்டிகிள்ஷிப். மாம்பலத்திலோ குரோம்பேட்டையிலோ மாடிப்படி ஏறிப் போகும் ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று வருஷம், 2023-இல் வந்த புதிய திட்டத்துக்குப் பிறகு இரண்டு வருஷம், மிகக் குறைந்த உதவித்தொகைக்கு, வாடிக்கையாளர் கடைக்கும் அலுவலகத்துக்கும் மூட்டை மூட்டையாக வவுச்சர் சுமந்து அலைகிறது பிள்ளை. அந்தப் பெற்றோர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். "என் பொண்ணு ஆர்ட்டிகிள்ஸ்ல இருக்கா, ராத்திரி பத்து மணிக்குதான் வர்றா." அதே பெற்றோரின் இளைய மகன் பி.காம் படிக்கிறான், அவனுக்கு ஒரு மாதப் பயிற்சி என்றால் சர்டிபிகேட் தேடுகிறார்கள். மூத்தவளுக்கு வேலை கற்றுத் தந்த அதே அலைச்சல் இளையவனுக்கு மட்டும் ஏன் கொடுமையாகத் தெரிகிறது என்று அவர்களைக் கேட்டால் பதில் இல்லை.

ஹானர்ஸ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், சேர்க்கைக் காலத்தில் அந்தச் சொல்லைக் காட்டிப் பல ஆயிரம் கூடுதலாக வாங்குகிறார்கள். நம் தாத்தா காலத்தில் 'ஆனர்ஸ்' என்றால் தனி மரியாதை. அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் படித்தது பி.ஏ. ஆனர்ஸ்தான். பிறகு அது நம் பக்கம் வழக்கொழிந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஹானர்ஸுக்கு 160. நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியோடு ஹானர்ஸ் வேண்டுமென்றால் முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். இந்தச் சட்டகத்துக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை, ஆகவே மாநிலப் பல்கலைக்கழகங்களின் கீழ் உள்ள கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே வழக்கம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டு கிடைக்கிறது. மூன்றாண்டிலேயே ஹானர்ஸ் என்று பெயர் வைத்த படிப்புகளும் சில கல்லூரிகளில் உண்டு. பெயரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். அந்த 160-இல் எத்தனை கிரெடிட் நிறுவனத்தில் வேலை செய்து வாங்குவது, எத்தனை வகுப்பில் உட்கார்ந்து வாங்குவது என்று கேளுங்கள். கூடுதல் ஒரு வருஷமும் வகுப்பறை நாற்காலிதான் என்றால் அது வேறு படிப்பு.

இதைக் கேட்க உங்களுக்குப் பிடிமானமும் இருக்கிறது. மானியக் குழு 2020-இல் தொழிற்பயிற்சி இணைந்த பட்டப் படிப்புக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. அப்படிப்பட்ட படிப்பில் மொத்த கிரெடிட்டில் குறைந்தது 20 சதவீதம் நிறுவனப் பயிற்சிக்குப் போக வேண்டும். 120-க்கு 24. நம் 2 கிரெடிட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025-இல் வந்த புதிய வழிகாட்டுதலில், மூன்றாண்டுப் படிப்பில் ஒன்று முதல் மூன்று பருவம் வரை, நான்காண்டில் இரண்டு முதல் நான்கு பருவம் வரை நிறுவனத்தில் இருக்கலாம். லாஜிஸ்டிக்ஸ், சில்லறை வணிகம், வங்கி சார்ந்த பி.பி.ஏ., பி.காம் படிப்புகள் இப்படி நடக்கின்றன. "சார், இது வெறும் இன்டர்ன்ஷிப்பா, அப்ரெண்டிஸ்ஷிப் சேர்ந்த டிகிரியா?" என்று சேர்க்கை மேசையில் கேளுங்கள். தடுமாறினால் அதுவும் ஒரு பதில்தான்.

பணம் பற்றியும் நமக்குத் தெரியாமல் இருக்கிறது. 2019-இல் திருத்திய அப்ரெண்டிஸ் விதிகளின்படி பட்டப் படிப்பு நிலையில் உள்ள அப்ரெண்டிஸுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய். அதில் பாதியை, 4,500 வரை, மத்திய அரசு தரும். இதை நம் பக்கம் பார்த்துக்கொள்ளும் தென்மண்டல அப்ரெண்டிஸ் பயிற்சி வாரியம் எங்கே இருக்கிறது தெரியுமா? தரமணியில். வேளச்சேரியிலிருந்து ஆட்டோவில் போகும் தூரம். நம்மில் எத்தனை பேர் அந்த வாசலை மிதித்திருக்கிறோம்?

இனி, என் தொழிற்சாலைக்கு வரும் பிள்ளைக்கு அந்த ஒரு மாதத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். "குடோன்ல நிக்க வெச்சிட்டாங்க" என்று நீங்கள் சொல்லும் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வாரம் ஸ்டோர்ஸ். ஆமாம், நிற்க வேண்டும். மின்விசிறி இருக்கும், ஏசி இருக்காது. ஒவ்வொரு ரேக்கிலும் ஒரு பின் கார்டு தொங்கும். வந்தது, போனது, மிச்சம். கணினியில் இருக்கும் எண், பின் கார்டில் இருக்கும் எண், பெட்டியைத் திறந்து எண்ணினால் வரும் எண், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்காது. ஏன் இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வாரத்து வேலை. போன வருஷம் முடிச்சூரிலிருந்து வந்த ஒரு பெண், ஒரு வகை புஷ் ஏன் குறைகிறது என்று மூன்று நாள் தேடினாள். முலாம் பூசுவதற்கு வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போனது டெலிவரி சலானில் இருக்கிறது, திரும்பி வந்ததில் ஒரு பகுதியை வேறு பெயரில் பதிவு செய்துவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்த அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சரக்கிருப்பு மதிப்பீடு என்று பாடப்புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. எண்ணுவது ஏன் கஷ்டம் என்று அதில் ஒரு வரியும் கிடையாது.

இரண்டாம் வாரம் டிஸ்பேட்ச். ஒரகடத்துக்குப் போகும் வண்டி கேட்டில் நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், ஈ-வே பில் ஏறவில்லை. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் அது கட்டாயம். வெளி மாநிலத்துக்கு என்றால் 50,000. வண்டி எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் வழியில் நிறுத்தி அபராதம். இந்தப் பரபரப்பில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்வது அளவில்லாதது. எதிரே இருக்கும் டிரைவர் வயதில் மூத்தவர், "அண்ணே, அஞ்சு நிமிஷம்" என்று அவரிடம் எப்படிப் பேசுவது என்பதும் அதில் சேர்த்தி.

பிறகு என் மேசை. மாதம் 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்ட வேண்டும். 11-க்குள் விற்பனை விவரம் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற வேண்டும். 20-க்குள் வரி. வகுப்பில் இவை தேர்வுக்கு எழுதும் தேதிகள். இங்கே 10-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு ஒரு வாடிக்கையாளரின் பதிவு எண் ஒத்துப் போகவில்லை என்றால் வயிற்றில் புளி கரைக்கும். அந்தப் புளிக்கரைசலைப் பிள்ளை ஒருமுறை அனுபவிக்க வேண்டும் என்று நான் உண்மையிலேயே விரும்புகிறேன்.

கடைசி வாரம் வசூல். இதுதான் பலரும் பயப்படும் வேலை, இதைத்தான் நான் கட்டாயம் செய்யச் சொல்வேன். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-இல் வந்த சிறு, குறுந்தொழில் சட்டம் சொல்கிறது. கொடுக்காமல் இழுத்தால் அந்தச் செலவை வருமான வரியில் அந்த வருஷம் கழிக்க முடியாது என்றும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறை வந்துவிட்டது. சட்டம் இருந்தாலும் போன் போட்டுக் கேட்பது மனிதர்தான். பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குப் போன் செய்து, கெஞ்சாமலும் அதட்டாமலும், "சார், மார்ச் பில் ரெண்டு நிலுவையில இருக்கு, எந்த வாரம் பேமென்ட் ரன்ல வரும்?" என்று கேட்க வேண்டும். முதல் நாள் குரல் நடுங்கும். வாரக் கடைசியில் நடுங்காது. நடைமுறை மூலதனம் என்ற சொல்லின் பொருள் அன்று புரிந்துவிடும். சனிக்கிழமை தொழிலாளிகளுக்குக் கூலி கொடுக்க வேண்டும், வெள்ளி மாலை வரை அந்தப் பணம் வரவில்லை. இதைவிடப் பெரிய பாடத்தை எந்தப் பேராசிரியர் நடத்த முடியும்?

இதையெல்லாம் நீங்கள் பறிக்கிறீர்கள். உங்களைத் திட்டுகிறேன் என்றால் இதற்காகத்தான்.

நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். வெயில். தூரம். பெண் பிள்ளை. "இதுக்கா டிகிரி படிக்க வெச்சோம்?"

தூரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அந்தக் காரணத்தை நம் ஊர்க்காரர்கள் சொல்லவே கூடாது. சென்னை பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் வந்த தடம் இது. இன்று அதே ரயிலில் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி தாண்டினால் மறைமலைநகர். இன்னும் கொஞ்சம் போனால் பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. சானடோரியத்தில் இறங்கினால் 1984 முதல் இருக்கும் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் என்ற தோல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஒரு தொழிற்சாலையின் பெயரை முகவரியில் எழுதிக்கொண்டு அதே ஊரில் ஒரு தலைமுறை வளர்கிறது, தொழிற்சாலையின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் பார்க்காமலே. வெளியூர்ப் பிள்ளைகள் விடுதியில் தங்கி இங்கே வேலை கற்றுக்கொண்டு போகிறார்கள். நம் பிள்ளைக்கு சீசன் டிக்கெட் போதும்.

பெண் பிள்ளை என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், நானும் இருபத்தைந்து வருஷமாகத் தொழிற்பேட்டைக்குள் போய் வருகிறவள். ஆனால் பயத்துக்கு மருந்து வீட்டிலேயே உட்கார வைப்பது ஆகாது. கேள்வி கேளுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் பயிற்சியாளருக்கும் அப்ரெண்டிஸுக்கும் சேர்த்தே பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதன் தலைவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். குழு இருக்கிறதா, யார் தலைவர், ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும், பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று நிறுவனத்திடமும் கல்லூரியிடமும் கேளுங்கள். சரியான பதில் வராத இடத்துக்கு அனுப்பாதீர்கள், வேறு இடம் தேடுங்கள். எந்த இடத்துக்குமே அனுப்ப மாட்டேன் என்று உட்கார்ந்தால், இருபத்திரண்டு வயதில் முதல் வேலைக்குப் போகும் நாளில் அவள் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் தனியாகப் போவாள்.

நிறுவனங்கள் பக்கம் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு மாதம் முழுக்க ஜெராக்ஸ் எடுக்கவும் டீ வாங்கி வரவும் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. சம்பளம் கொடுக்க வேண்டிய ஆள் வேலையைப் பயிற்சி என்ற பெயரில் ஓசியில் வாங்கும் இடங்களும் உண்டு. பயிற்சிக்கு இடம் வாங்கித் தருகிறேன் என்று மாணவரிடமே பணம் கேட்கும் ஆட்கள் இப்போது புதிதாக முளைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். இங்கேதான் நீங்கள் கோபப்பட வேண்டும். கல்லூரி முதல்வரிடம் போய், பிள்ளை என்ன கற்றான் என்று நிறுவனத்திடம் யார் கேட்டார்கள், எந்த ஆசிரியர் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்த்தார் என்று சத்தம் போடுங்கள். நாம் அதற்குச் சத்தம் போடுவதில்லை. "என் பையன தூசியில நிக்க வெச்சிட்டாங்க" என்றுதான் போடுகிறோம். போன மாதம்கூட ஒரு கல்லூரியின் துறைத் தலைவர் என்னிடம் வருத்தப்பட்டார். உண்மையாகப் பயிற்சிக்கு அனுப்பும் ஆசிரியர் மேல்தான் பெற்றோரின் புகார் வருகிறதாம். சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு மதிப்பெண் போடும் ஆசிரியரைப் பற்றி ஒருவரும் புகார் செய்வதில்லையாம்.

"அவ்ளோ பெரிய ஃபோர்டு கம்பெனியே மூடிட்டுப் போயிட்டான், அந்தப் பக்கம் போய் என்ன கத்துக்கறது?" என்று ஒரு அம்மா கேட்டார். 2022-இல் மறைமலைநகர் ஆலையில் கார் உற்பத்தி நின்றபோது அதற்கு உதிரிபாகம் கொடுத்த சின்னச் சின்ன நிறுவனங்கள் பட்ட பாட்டை நான் அருகில் இருந்து பார்த்தேன். ஒரே வாடிக்கையாளரை நம்பியவர்கள் தடுமாறினார்கள், முன்பே இரண்டு மூன்று இடங்களுக்குச் சரக்கு கொடுத்து வந்தவர்கள் தப்பித்தார்கள். வணிகம் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன பாடம் வேண்டும்? அந்த அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் மகன் இப்போது மூன்றாம் ஆண்டு. இன்னும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

சர்டிபிகேட் கேட்ட அந்தத் தகப்பனாரிடம் என்ன சொன்னேன் என்று எழுதாமல் விட்டேன். "சர்டிபிகேட் கிடையாதுங்க. திங்கட்கிழமை காலையில எட்டரைக்குத் தம்பிய அனுப்புங்க" என்றேன். அவர் முகம் சுருங்கியது. வேறு ஒருவரிடம் வாங்கிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னால் தடுக்க முடியவில்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் மற்ற தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: நீங்களும் நானும் கையெழுத்துப் போட மறுத்தால் அந்தத் தகப்பனாருக்குப் போக வேறு கதவு இருந்திருக்காது.

இந்தக் கோடையில் என் பிரிவில் இரண்டு பேருக்கு இடம் வைத்திருக்கிறேன். பரிந்துரை வேண்டாம். பிள்ளை தானே எழுதிய விண்ணப்பம் போதும், தமிழில் எழுதினாலும் சரி. தண்ணீர் பாட்டிலும் மூடிய செருப்பும் கொண்டு வரட்டும், ஸ்டோர்ஸில் செருப்பில்லாமல் விட மாட்டார்கள். மதியச் சாப்பாடு கேண்டீனில் கிடைக்கும், நீங்கள் கொண்டு வந்து கொடுக்க வேண்டியதில்லை. பத்து மணிக்கு எனக்குப் போன் செய்து வந்து சேர்ந்தானா என்று கேட்காதீர்கள். கேட்டில் வருகைப் பதிவேடு இருக்கிறது, பெயரையும் நேரத்தையும் அவனே எழுதிவிட்டு உள்ளே வரட்டும்.